முன்சுவர் வழக்கு

"அக்கா, பால் பொங்குது!"

சிக்னலில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு முன்சுவர் கிடையாது. சாலையை அகலப்படுத்த நிலம் எடுக்க வந்த இயந்திரம் அதைத்தான் முதலில் சாய்த்தது. அடுத்த சுவரைத் தொடுவதற்குள் என் கணவர் கோர்ட் உத்தரவோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வழக்கு முடியும்வரை இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தெருவே கைதட்டியது.

இருக்கும் நிலையில் சுவர் இல்லை என்பது மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு செங்கல் வைத்தாலும் நீதிமன்ற அவமதிப்பு என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

இரண்டு வருடமாகக் குளியலறைக்குள்தான் புடவை மாற்றுகிறேன். இன்றைக்கு என்ன குழம்பு என்பது போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். கணவரோடு சண்டை போடவும் சிக்னல் பச்சையாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

படுதா கட்டலாம்தான். கட்டினால் மாமனார் சாப்பிட மாட்டார்.

பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். பக்கவாதம் வந்ததிலிருந்து கட்டிலில் கிடந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். புழுதிக்குப் பயந்து ஜன்னல்கூட வைக்காமல் கட்டிய சுவர். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுவர் விழுந்த வாரம், எதிரே வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்து "லேட்டு" என்றார்.

இப்போது டிரைவர்கள் அவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள். எந்த மருந்துக்கும் அசையாத வலது கையைத் தூக்கி அவர் போகச் சொல்கிறார். அப்புறம்தான் போகிறார்கள்.

போன் அடித்தது. கோர்ட்டிலிருந்து கணவர்.

"ஜெயிச்சிட்டோம்! நிலம் எடுக்கிற உத்தரவு ரத்தாயிடுச்சு. சுவரையும் முன்ன இருந்த மாதிரியே அவங்களே கட்டிக் குடுக்கணுமாம். நாளைக்கே ஆள் வர்றாங்க. அப்பாகிட்ட சொல்லிடு."

வீடு தப்பியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும் போலிருந்தது.

சிக்னல் சிவப்பானது. ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மாமனாரின் கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல எழுந்தது.

அவருக்குக் கேட்காதபடி போனை வாயோடு வைத்துக்கொண்டேன்.

"ஏங்க, அவங்க அப்பீல் கிப்பீல் எதுவும் போக மாட்டாங்களா?"