நாற்பத்தேழாவது ஆள்

"நாப்பத்தேழுன்னு சொல்லுது, தலைவரே. இங்க நாப்பத்தாறு பேர்தான் இருக்காங்க" என்றாள் சுதர்ஷினி, கையிலிருந்த போனைக் காட்டி.

இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. நாலு நாளாக விடாத மழை. மலையில் வெடிப்பு, மண் சரியலாம் என்று காலையில் தகவல் வந்ததும் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கியிருந்தார்கள். சுதர்ஷினி அங்கே டீச்சர். லயத்தில் இப்போது யார் யார் இருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு ஒருவரை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னதும் அவள்தான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆட்களா அவர்கள்? கோழியைக் கூடையில் அடைத்தது, குடையைத் தேடியது எல்லாம் கூடவே வந்தது. கலாராணி அடுப்பில் கொதிக்கிற தேத்தண்ணியைப் பற்றியே பாதி நேரம் பேசியிருந்தாள். எண்ணுவதற்கென்றே கணினியில் ஒரு ஃபங்ஷன் உண்டுதான். ஆனால் வரிசையாக எழுதிய பெயர்களைத்தான் அது எண்ணும். வளவளப் பேச்சுக்கு ஆகாது. அதனால் எல்லாவற்றையும் எழுத்தாக்கி ஏ.ஐ.யிடம் கொடுத்து, "இனி நீதான் எண்ணும் ஃபங்ஷன். லயத்தில் இருப்பவர்களை எண்ணு. எண்ணை மட்டும் சொல், வேறு ஒரு வார்த்தை பேசாதே" என்று கட்டளை போட்டிருந்தாள்.

"இன்னொரு தரம் கேளுங்க டீச்சர்" என்றார் தோட்டத் தலைவர் ஜெயகுமார்.

கேட்டாள். அதே 47.

"அப்ப ஒரு ஆளு மேல மாட்டிக்கிச்சு. ஓடிப்போயி பாத்துட்டு வந்துர்றேன்க்கா" என்றான் அவள் தம்பி ரமேஸ்.

"டேய், நில்லுடா!"

அதற்குள் அவன் மழைக்குள் இறங்கிவிட்டான்.

ஜெயகுமார் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து, வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் குரல் கொடுத்தார்கள். கடைசிப் பேரையும் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"டீச்சர், நம்ம ஆளுங்க மொத்தமே நாப்பத்தாறுதான். எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அந்த மிசினுக்கு எண்ணத் தெரியல."

சுதர்ஷினிக்கு உயிரே போய்விட்டது. இல்லாத ஆளைத் தேடவா கூடப்பிறந்தவனை வெடித்த மலைக்கு அனுப்பினாள்? ரமேஸுக்கு போன் அடித்தாள். அது வகுப்பறை மேசை மேலேயே அடித்தது.

மேலே மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. "என் தம்பி! நானே அவனைக் கொன்னுட்டேனே!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வளைவில் ரமேஸ் வந்துகொண்டிருந்தான். உடம்பெல்லாம் சேறு. முதுகில் ஒரு ஆள்: பதுளையிலிருந்து மாதம் ஒரு தடவை சீலை மூட்டையோடு வருகிற மர்ஸூக் பாய்.

"கடைசி வீட்டுக்குள்ள கூரைத் தகரம் விழுந்து, கால் மாட்டிக் கெடந்தாருக்கா. நாங்க இந்தப் பக்கம் வந்தோம், அந்தப் பக்கம் லயமே போயிருச்சு."

"அய்யோ, பாய் அப்பவே ரோட்டுக்கு எறங்கிட்டாருன்னுல்ல நெனச்சேன்!" என்று அழுதாள் கலாராணி.

"மிசினு தப்பா எண்ணுனதும் நல்லதாப் போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஜெயகுமார்.

சுதர்ஷினி ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் தட்டினாள்: "இனி நீ ஃபங்ஷன் இல்லை, பேசலாம். யார் அந்த நாற்பத்தேழாவது ஆள்?"

பதில் உடனே வந்தது: "கலாராணி சொல்லியிருக்கிறார்: 'நானும் புள்ளைங்க ரெண்டும்தான் டீச்சர், சீலைக்கார பாய்க்குத் தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்.'"