இரண்டு பச்சைப் புள்ளிகள்

டிவியில் வயிற்றின் உட்புறம் ஓடிக்கொண்டிருந்தது.

ஓமலூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மூவரும் காபிக்குக் காத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அன்பரசு, அவர் மனைவி, மூத்த மருமகள் பிரபா.

பிரபாவுக்குச் சேலத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை என்றார்கள். சீட்டு எழுதிக் கொடுக்கும் இடத்தில் உட்காருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கட்டிலில் வயிற்றைச் சுற்றித் துண்டைக் கட்டிப் படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை என் பேத்தி மதுமதிக்கும் அவர்கள் பையனுக்கும் நிச்சயம். அதற்குள் நானும் என் மனைவி வள்ளியாத்தாளும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்த செய்தி ஓமலூர்வரை போய்விட்டது. புற்றுநோய் புகுந்த குடும்பம் என்று எவனோ சொல்லியிருக்கிறான். நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அவர்கள் வீட்டில் பேச்சு.

என் குடும்பத்தை ஒருவன் அப்படிச் சொல்வதா? கூப்பிட்டு உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய வீடியோவையே போடச் சொன்னேன். மகன் தமிழரசு கல்யாண வீடியோ போடுவதுபோல் பென்டிரைவைச் செருகினான்.

எனக்குக் குடலில் கட்டி என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம்.

"கத்தி புடிச்சது டாக்டர் இல்லீங்களா மாமா?" என்றார் அன்பரசு.

"ரோபோங்க. நாலு கை. டாக்டர் தள்ளி ஒரு மூலையில உக்காந்து, பொட்டிக்குள்ள மொகத்த உட்டுக்கிட்டு ஆட்டி வெக்கறாரு."

"அட, எங்க போர் போடற ரிக்கு வண்டியில லீவர் புடிக்கறாப்பலதான்! எத்தன ஓட்டைங்க?"

"அஞ்சு."

"நாங்க ஒன்னுதான் போடுவோம், ஆறரை இஞ்சு. தண்ணி வந்துச்சுங்களா?"

அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். நான் சிரிக்கவில்லை.

திரை கறுத்தது. சாம்பல் நிறச் சதைக்கு நடுவே பச்சைக் கோடு ஒன்று மெல்லக் கசிந்து ஓடியது. ஓடிப்போய் ஓர் இடத்தில் தேங்கி ஒளிர்ந்தது. அந்தப்பக்கம் இன்னொன்று.

டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே அவர்களுக்குச் சொன்னேன். கட்டிக்குப் பக்கத்தில் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது வாய்க்கால் தண்ணீர்போல் ஓடி, முதலில் எந்த நெறி கட்டுகிற முடிச்சில் போய் நிற்கிறதோ, அது பச்சையாக எரியும். நோய் வெளியே கிளம்பினால் முதலில் அங்கேதான் போய்த் தங்கும். எல்லா முடிச்சுகளையும் அறுத்தெடுத்தால் கால் வீங்கிப்போகும் என்பதால், எரிகிற இரண்டை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்கள்.

"ரெண்டும் சுத்தம்" என்றேன். "நோவு அந்த மடையத் தாண்டல. காட்டு, தமிழரசு."

தமிழரசு ரிப்போர்ட்டின் மேல்பாதியை மடித்துப் பிடித்துக்கொண்டு காட்டினான்.

அன்பரசு முகம் தெளிந்தது. "உங்களுக்கு வந்த வரைக்கும் சரிங்க மாமா. ஆம்பளைக்கு வந்தா அவனோட போயிரும். பொம்பளைக்கு வந்தாத்தான் மக, பேத்தின்னு எறங்கிக்கிட்டே போகும்னு எங்கம்மா சொல்லுவாங்க. அப்பிடின்னா நாங்க யோசிக்கோணும்."

"எங்க ஊட்டுப் பொம்பளைங்க தலைவலின்னுகூடப் படுத்ததில்லீங்க" என்றேன்.

அப்போதுதான் வள்ளியாத்தாள் காபித் தட்டோடு வந்தாள். அவளேதான் கொண்டுவர வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். ஆறு டம்ளர், தண்ணீர்ச் சொம்பு, முறுக்கு. எவர்சில்வர் தட்டு நடுங்கிக் கிணுகிணுத்தது.

"என்ன, தட்டு ஆடுது?"

"வயசாச்சில்லீங்க" என்றாள், நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

பச்சை முடிந்ததும் வீடியோவை நிறுத்திவிடு என்று தமிழரசிடம் சொல்லியிருந்தேன். அவன் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

திரையில் வெளிச்சம் திரும்பியது. ரோபோவின் ஒரு கை, நடுவில் இருந்த எதையோ பிடித்து ஓரமாக ஒதுக்கியது.

பிரபா முன்னால் சாய்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, சுவரைப் பிடிக்கக் கை இல்லாமல் அடிமேல் அடி வைத்து வந்த வள்ளியாத்தாளை.

எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு மாசத்துக்கு இந்தப் பாரமெல்லாம் தூக்கக் கூடாதுங்க ஆத்தா. உக்காருங்க."

கை ஒதுக்கிப் பிடித்திருந்தது கர்ப்பப்பையை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போய்விட்டால் எல்லார் வயிறும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

"ஏம்மா," என்றார் அன்பரசு முறுக்கைக் கடித்துக்கொண்டு, "ஆபரேசன் பண்ணுனது அவருக்குத்தான?"

தமிழரசு டிவியை அணைத்தான். வள்ளியாத்தாள் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அவருக்குத்தாங்க மாமா" என்றாள் பிரபா. "பதினோரு நாள் ஒக்காந்தே பாத்தவங்க, அவங்களுக்கும் ஒடம்பு தேறோணுமில்ல. ஆபரேசன் தியேட்டர்ல தெனமும் பாக்கறேன்ல."

அன்பரசு தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார்.

பிரபா என் காபியை எடுத்துவந்தாள். டம்ளரை நீட்டுகிற சாக்கில் குனிந்தாள்.

"ஆபரேசன் பண்ணுனவங்க இப்பிடி வெறப்பாப் படுக்க மாட்டாங்க அப்பாரு" என்றாள் என் காதில். "கொஞ்சம் மொனகுங்க."

எழுபத்து நான்கு வயதில், முதல் முறையாகப் பிறர் காதுபட முனகினேன்.