ஊருக்கு ஒரு கரண்டி

கிழவரின் வாயோரம் வழுக்கும் மாத்திரையைக் கரண்டியில் ஏந்திப் பிடிக்கிறாள் அருமைநாயகி. டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் ஒரு முதியோர் இல்லம். சன்னலில் சாம்பல் நிறப் பகல். விடிந்ததிலிருந்து நின்ற கால்கள் கனக்கின்றன. கிழவர் இலத்தீன் வாத்தியாராக இருந்தவர். பழைய கிரேக்க ஊரொன்றின் பெயரைச் சொன்னால், ரோமர்கள் அதை அழைத்த பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கஞ்சிக்கு வாய் திறப்பார். ஊருக்கு ஒரு கரண்டி. வாசலில் டாப்லெட் கணினியுடன், கூட வேலை செய்யும் யூலியானா நிற்கிறாள். "அக்கா, இவருக்கு நினைவு தப்புதெண்டால் இண்டைக்கே மேல்மாடிக்கு மாத்தச் சொல்லியிருக்கினம்." மேல்மாடியில் கதவுகள் பூட்டியே இருக்கும்.

"அக்ராகஸ்," என்கிறாள் அருமைநாயகி.

"தரென்டும்," என்கிறார் கிழவர். கஞ்சி உள்ளே போகிறது.

"தராஸ்."

கிழவரின் நெற்றி சுருங்குகிறது. கரண்டி காற்றில் ஆறுகிறது. "மஸ்ஸிலியா."

"ஓம், ஓம்," என்று அவர் வாயைத் துடைத்துவிடுகிறாள் அருமைநாயகி.

"இவருக்கோ மறதி? எனக்கு என்ர பாங்க் கார்ட் பின் நம்பரே நினைவில்லை." சிரித்தபடி, நினைவு சரி என்று டாப்லெட்டில் தட்டிவிட்டு யூலியானா போகிறாள்.

காலடிச் சத்தம் தேய்கிறது. அருமைநாயகி கிழவரின் காதருகே குனிந்து, அவருக்கு விளங்காத தமிழில் முணுமுணுக்கிறாள். "அக்ராகஸுக்கு அக்ரிஜென்டும், ஐயா. தராஸுக்குத்தான் தரென்டும். நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். ஒரு கிழமையா நீங்கள் சொல்லுற ஒண்டும் சரியில்லை."