அஞ்சாங்கால்

கடுகைவிடச் சிறிய கோப்பிபாட் என்னும் நன்னீர்ப் பிராணியை, அதன் ஐந்தாவது காலைப் பார்த்தே இனம் பிரித்துவிடுவார் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘அஞ்சாங்கால்’ என்றே பெயர்.

மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தவர் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

“சார், அஞ்சாங்கால்ல மூணு முள்ளு! மத்த இனத்துக்கெல்லாம் ரெண்டுதான்!”

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜாடியைத் தூக்கி மடமடவென்று குடித்தார்.

“புது இனமா? என் பேரையே வச்சுடுய்யா!”

“சார், ஒரு நிமிஷம்...”

“இருய்யா, சந்தோஷத்துல தொண்டை காயுது.” கடைசிச் சொட்டையும் கவிழ்த்துக்கொண்டார். “எங்கே கிடைச்சுது?”

“ஒரு மாசமா ஏரி, குளம், கிணறுன்னு அலசிட்டேன். எங்கேயும் இல்ல சார். நீங்க கழுவாத இந்த ஜாடியில மட்டும்தான் இருந்துச்சு.”

குறிப்பேட்டில் ‘புதிய இனம்’ என்பதை அடித்துவிட்டு, ‘அழிந்துபோன இனம்’ என்று எழுதினார் அஞ்சாங்கால்.

“பேரு உங்களுதுதான் சார்.”