சொட்டுக்கு அவசரமில்லை

இரண்டாவது பாட்டிலைத் தொங்கவிட்டபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

நெஞ்சில் ஒரு ஒட்டு, முதுகில் ஒரு ஒட்டு, தலைமாட்டில் ஷாக் மெஷின். எல்லாம் தயார். தாறுமாறாக அடிக்கும் இதயத்துக்கு ஒரே ஒரு கரண்ட் அடி. அது ஒழுங்குக்கு வந்துவிட்டால் மறுபடியும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் காலையிலேயே தலைவாரி, பவுடர் பூசி, கல்யாண வீட்டுக்குப் போகிறவளாட்டம் வந்திருந்தாள்.

காரியத்தைக் கெடுத்தவளும் அவளேதான். கால் வீக்கத்தைப் பார்த்து டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, நீர் பிரிவதற்கான மாத்திரையை ஒரு வாரமாக இரண்டிரண்டாக விழுங்கியிருந்தாள். வீக்கம் வடிந்தது. கூடவே ரத்தத்திலிருந்த பொட்டாசியமும் மெக்னீசியமும் வடிந்துவிட்டன.

இந்த லட்சணத்தில் ஷாக் கொடுத்தால் இதயம் இன்னும் மோசமாகத் தடம் புரளலாம், முதலில் அவற்றை ஏற்றுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏற்றுவது என்றால் எறும்பு ஊர்கிற வேகம்.

இன்றைக்குச் சரியாகவில்லை என்றால் வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக ஆபீசில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் வேகமாக விடச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் ஐஸ் வைத்தும் பார்த்தாள்.

"பொட்டாசியம் வேகமா போனா இதயம் நின்னுடும்க்கா. இதுல மட்டும் உங்க அவசரம் வேணாம்."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும் அவள் கை தானாக மேலே போனது. ட்யூபில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தை விரல் தொட்டது.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கணவன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான்.

ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டுகிற மனுஷன். அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழகாதவன். இன்றைக்கு விடவில்லை. முறைத்தாள், கிள்ளினாள். அவன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கையைத் தளர்த்தி அவனிடமே விட்டுவிட்டாள்.

பாட்டில் தன்போக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

மயக்க ஊசியோடு வந்த டாக்டர் மானிட்டரைப் பார்த்து அப்படியே நின்றார். இன்னொரு தரம் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். கோணல்மாணலாக ஓடிய கோடு இப்போது ஒரே இடைவெளியில் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது.

தானாகவே சரியாகிவிட்டது என்று சொல்லி அவர் ஷாக் மெஷினை அணைத்தார். அவளுக்கு எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. கணவன் குதித்தே விட்டான்.

செய்தி கீழே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், அவசரப் பிரிவு வாசல் காவலாளி என்று ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். அதில் ஒருவர் ஆம்புலன்ஸ் சாவியை அவள் கண்முன் ஆட்டினார்.

இத்தனை வருஷம் சைரன் போட்டு ஆட்களை அந்த வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த அழைப்புக்குப் பறந்தவள் அவள். இறங்கியவர்கள் உள்ளே இவ்வளவு மெதுவாகத்தான் பிழைக்கிறார்கள் என்பதை இன்றுதான் பார்த்தாள்.

சாவியை எட்டிப் பிடிப்பதற்குள் டாக்டர் அதை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வாரம் இது என்கிட்ட இருக்கட்டும். வேற யாருக்கும் தரமாட்டேன்."

அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள்.