ரேடியேட்டரில் மஞ்சள்

இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய பிறகும் அம்பாசடர் கொதிப்பது நிற்கவில்லை. மெக்கானிக் காஜா நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டான் என்று சந்தேகப்பட்ட சிவக்கொழுந்து, தன் கண்ணெதிரிலேயே ரேடியேட்டரைப் பிரிக்க வைத்தார். உள்ளே மஞ்சள் சேறு அடைத்திருந்தது.

"வழியில ஒழுகினா மஞ்சத்தூளக் கொட்டி அடைப்பாங்கய்யா. யாரு போட்டது?"

"நீதான் போட்டிருப்ப."

காஜா சேற்றை முகர்ந்துவிட்டு விரலை நீட்டினான். "கஸ்தூரி மஞ்சய்யா. பொம்பளைங்க மூஞ்சிக்குப் பூசுறது. எம் பட்டறையில ஏது?"

சிவக்கொழுந்தின் மனைவி இறந்து ஏழு வருடமாகிறது. மருமகளுக்கு மஞ்சள் பட்டாலே உடம்பு தடிக்கும். வண்டியை எடுப்பவன் மகன் ஒருவன்தான். வெள்ளிதோறும் தனியாகக் கோயிலுக்குப் போய்வருவான்.

"வீட்ல கேட்டுப் பாருங்கய்யா."

சிவக்கொழுந்து தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார். "கழுவி மாட்டு."