ஏணியை விட்டுப் போன பேச்சு

ஜன்னலுக்கு மேலே ஒட்டடை அடிக்கப்போய், ஏணி சறுக்கி விழ, சன்ஷேடைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தரை முந்நூறு அடிக்குக் கீழே இருந்தது. என் மனைவியைக் கேட்டால் இருபது என்பாள்.

கீழே, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வாத்தியார்.

"வாத்தியாரே, ஏணியைத் தூக்கி நிறுத்துங்க. கை நழுவுது."

"ஏணின்னதும் ஞாபகம் வருது சார். என் மச்சான் ஏணி வாங்கப் போன இடத்துலதான் அவனுக்குப் பொண்ணு அமைஞ்சுது."

"உயிர் போகுதுய்யா."

"பொண்ணோட அக்கா வீட்டுக்காரர் கடிகாரம் ரிப்பேர் பண்றவர். ஒரு நாளும் நேரத்துக்கு வரமாட்டார்."

இறங்கியதும் இவர் கழுத்தை நெரிக்காமல் சாவதில்லை என்று பிடியை இறுக்கினேன். மச்சானின் ஏழு தலைமுறையும் முடிந்தபோது தீயணைப்பு வண்டி வந்து என்னை இறக்கியது.

பாய்ந்து வாத்தியாரின் சட்டையைப் பிடித்தேன். பொத்தான்கள் கழன்றன. நெஞ்சின் நடுவே நீளமாக, காயாத தையல்.

"ஆபரேஷன் சார். வாளிகூடத் தூக்கக் கூடாதாம். நீங்க தொங்கினதுமே என் வீட்டுக்காரி ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்ணிட்டா. என்னால முடியாதுன்னு சொன்னா நீங்க கையை விட்டுடுவீங்க. கோபம் வந்தா விடமாட்டீங்கன்னு தோணுச்சு."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.